காலியிடம் வேற, சைபர் வேற!

பி.காம் படிக்கிறவனுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: எல்லாம் மாமாவால் வந்த வினை. ஆழ்வார்திருநகரியில் அவருக்கு ஒரு சின்ன பலசரக்குக் கடை. பற்று வரவு நோட்டை கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் :)

முதல் மாதமே போன். "ஏல மருமவனே, ஆயிரத்து இருநூத்தம்பது ரூவா தந்தவரு கணக்குல ஒத்த ரூவான்னு நிக்கி! என்னல இது?"

மாமா 1250 என்று அடிக்க மாட்டார். 1 250 என்று நடுவில் இடம் விட்டுத்தான் அடிப்பார். நோட்டில் எழுதிய பழக்கம். நான் போட்டிருந்தது பார்ஸ்இன்ட். அது இடப்பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே போகும், இலக்கம் அல்லாத ஏதாவது வந்தால் நின்றுவிடும், அதுவரை கிடைத்ததை விடை என்று நீட்டும். 1,20,000 என்று கொடுத்தாலும் 1 தான்.

சரி என்று 'நம்பர்' ஃபங்ஷனுக்கு மாறினேன். இது கறார் பேர்வழி. முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியைத் தள்ளிவிடும். நடுவில் இருந்தால் 'நேன்', அதாவது இது எண்ணே இல்லை என்று கைவிரித்துவிடும். அப்பாடா என்றிருந்தேன். ஆனால் வெறும் இடைவெளியை மட்டும் கொடுத்தால்? ஒன்றுமே அடிக்காத கட்டத்தைக் கொடுத்தால்? கூச்சமே இல்லாமல் 0 என்கிறது. 'இஸ்நேன்' வைத்துச் சோதித்தாலும் பிடிபடாது, அதுவும் முதலில் எண்ணாக மாற்றிவிட்டுத்தான் பார்க்கிறது.

மாமா மாதக் கடைசியில் வீடு வீடாக வசூலுக்குப் போவார். கேட்டும் தரவில்லை என்றால் 0. வீடு பூட்டியிருந்தால் கட்டத்தைக் காலியாக விடுவார். இரண்டு மாதம் தொடர்ந்து 0 என்றால் கடன் கிடையாது. மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஆச்சிக்கு இரண்டு மாதமும் காலிக் கட்டம். என் புரோகிராம் இரண்டையும் 0 ஆக்கிவிட்டது. "பழைய பாக்கிய முடிங்க ஆச்சி, பொறவு பாப்போம்" என்று மாமா சொல்ல, எடுத்த எண்ணெய் பாட்டிலை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

காலி என்றால் பூஜ்ஜியம்தானே, கூட்டுத்தொகை மாறவா போகிறது என்கிறான் நண்பன். கூட்டுத்தொகை மாறாதுதான். ஐந்து பேரில் நாலு பேர் 50 மார்க், ஒருவன் பரீட்சைக்கே வரவில்லை. சராசரி 50-ஆ, 40-ஆ? 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. அப்படி ஒரு நாளில் மழைமானியைப் பார்க்க ஆள் போகமுடியாமல் கட்டம் காலியாக இருந்தால், அதை 0 செ.மீ. என்று எழுதுவீர்களா?

1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதிய மொழி, பாவம், அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இப்போது மாற்றினால் பழைய பக்கங்கள் உடையும் என்பதும் புரிகிறது. ஆனால் பைதானில் வெறும் இடைவெளியை எண்ணாக்கச் சொன்னால் பிழை என்று கத்துகிறது. அந்தக் கத்தல்தான் சரி என்பது என் கட்சி. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் என்ன கேவலம்?

இப்போது செய்திருப்பது: முதலில் 'ட்ரிம்', மிச்சம் ஒன்றுமில்லை என்றால் எண்ணாக்கவே கூடாது, காலியாகவே சேமி. நடுவில் இடைவெளி இருந்தால் 'ரீப்ளேஸ்ஆல்' போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்தான் (வெறும் இடைவெளியைக் கொடுத்து 'ரீப்ளேஸ்' போட்டால் முதல் ஒன்று மட்டுமே போகும், அதிலும் ஒருமுறை சறுக்கினேன்). ஆனால் 250 300 என்பது இரண்டு தவணையாக இருந்தால்? ஒட்டினால் இரண்டரை லட்சம்! அதனால் "இந்தத் தொகை சரியா?" என்று எண்ணைப் பெரிதாகக் காட்டி மாமாவிடமே கேட்கிறது. "எத்தன தடவல கேக்கும்" என்று சலித்துக்கொள்கிறார்.

ஏற்கனவே சேமித்த 0-க்களில் எது பூட்டிய வீடு, எது இல்லை என்று கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. நல்லவேளை, பழைய நோட்டை மாமா தூக்கிப் போடவில்லை. ஆச்சி கணக்கை முதலில் திருத்தியாச்சு. மிச்சத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், ஆவணி வரை வந்திருக்கிறது.