கருணையல்ல, கடன்!

பவர் பிரஸ்ஸில் ஒரு தொழிலாளியின் கை நசுங்குகிறது. கட்டிட வேலையில் சாரம் சரிந்து ஒருவர் விழுந்து சாகிறார். பட்டாசு அறையில் மருந்து வெடித்துப் பெண்கள் கருகிப் போகிறார்கள். மறுநாள் என்ன நடக்கிறது? ஆஸ்பத்திரி வாசலுக்கு மானேஜர் வருகிறார். கூடவே கான்டிராக்டரும், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரும் வருகிறார்கள். “நடந்தது நடந்துவிட்டது. முதலாளி இரக்கமுள்ளவர். மனிதாபிமான அடிப்படையில் ஐம்பதாயிரம் தரச் சொல்லியிருக்கிறார். இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார்கள்.

அடடா, என்ன இரக்கம்! இந்த இரக்கத்தின் யோக்கியதையைத்தான் இங்கே நாம் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

நாம் திட்டவட்டமாகச் சொல்கிறோம்: வேலையில் அடிபட்ட தொழிலாளிக்குக் கொடுக்கும் பணம் தர்மம் அல்ல. அது சட்டப்படி முதலாளி பட்ட கடன். கடன்பட்டவன் அதில் ஒரு சிறு பங்கை வீசி எறிந்துவிட்டு, தர்மப் பிரபு என்று பெயரும் வாங்கிக்கொண்டு போக நாம் அனுமதிக்கலாமா?

“கவனக்குறைவு” என்ற பழைய பல்லவி

“தொழிலாளி கவனமாக இல்லை, நாங்கள் என்ன செய்வது?” என்பது முதலாளிகளின் முதல் வாதம். இது புதிய வாதம் அல்ல. 1837-ல் இங்கிலாந்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து, தொடை எலும்பு முறிந்து விழுந்தான். ஜூரிகள் அவனுக்கு 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. ஆபத்து தெரிந்தால் வேலையாள் அந்த வேலையை மறுத்திருக்கலாமே என்றார் நீதிபதி! மறுத்தால் அன்று மாலை அடுப்பு எரியாது என்பது அந்தக் கனவானுக்குத் தெரியாது போலும்.

அந்த நியாயத்தை உடைக்கத் தொழிலாளி வர்க்கத்துக்கு அறுபது வருஷம் பிடித்தது. 1897-ல் பிரிட்டனிலும், 1923-ல் இந்தியாவிலும் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. அதன் அடிப்படை என்ன? விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்ததா என்பது ஒன்றே கேள்வி. முதலாளியின் தவறைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, காப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவை மட்டுமே முதலாளிக்கு விதிவிலக்கு. மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் அந்த விதிவிலக்கும் கிடையாது. சாதாரணக் கவனக்குறைவு என்ற சாக்கு அந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை.

தவிரவும் நாம் கேட்கிறோம்: பிரஸ்ஸின் காப்புத் தடுப்பைக் கழற்றி வைத்தது யார்? உற்பத்தி குறைகிறது என்று கழற்றச் சொன்னது யார்? பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் பின் கண் சொருகுவது கவனக்குறைவா, களைப்பா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் உள்ள ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் இறந்தால் சம்பளத்தில் பாதியை, அதாவது 7,500-ஐ, அந்த வயதுக்குச் சட்ட அட்டவணை குறிக்கும் 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். குடும்பத்துக்குச் சேர வேண்டியது 15,59,850 ரூபாய். நிரந்தர முழு ஊனமானால் பாதிக்குப் பதில் 60 சதவீதம்; தொகை 18,71,820 ரூபாய். ஒரு கையின் பெருவிரல் மட்டும் போனால் 30 சதவீத இழப்பு; 5,61,546 ரூபாய். நாலு விரலும் போனால் 50 சதவீதம், 9,35,910 ரூபாய்.

ஐம்பதாயிரம் எங்கே, ஒன்பதே கால் லட்சத்துக்கு மேல் எங்கே? இதுதான் மனிதாபிமானத்தின் லாபக் கணக்கு!

அட்டவணை சதவீதமும் முடிந்த முடிவல்ல. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சுத் தொழிலாளி, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. விபத்து நடந்த அன்றே கடன் பிறந்துவிடுகிறது என்றும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காத முதலாளி 12 சதவீத வட்டி கட்ட வேண்டும். நியாயமான காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு.

கையெழுத்து செல்லாது!

“கையெழுத்துப் போட்டுவிட்டோமே” என்று கலங்கி வருகிற குடும்பங்கள் எத்தனையோ. கலங்க வேண்டாம். நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. தொழிலாளி இறந்திருந்தால் தொகையை அதிகாரியிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது நஷ்ட ஈடாகக் கருதப்படாது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் தரலாம். அது மட்டும் கழிக்கப்படும்.

“கேஸ் வருஷக் கணக்கில் இழுக்கும், கிடைத்ததை வாங்கிக்கொள்” என்று உபதேசிப்பவர்கள் உண்டு. இழுப்பது யார்? முதலாளியின் வக்கீல்தானே! எவ்வளவு பொறுப்பை முதலாளி ஒப்புக்கொள்கிறாரோ அந்த அளவுக்கு உடனே இடைக்காலப் பணம் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். அதை வற்புறுத்திக் கேட்பதே முதல் வேலை.

“அவன் என் ஆளல்ல, கான்டிராக்டர் ஆள்” என்பது அடுத்த தந்திரம். தன் தொழிலின் வேலையைத் தன் இடத்தில் கான்டிராக்டில் விட்டாலும் பிரதான முதலாளியே பொறுப்பு. பிறகு அவர் கான்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்தவர் இறந்தால், பிரேதத்தை அவசரமாக ஊருக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவுகிறார்கள். வாரிசுகள் தங்கள் சொந்த ஜில்லாவிலேயே மனுப் போடலாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு வழி வேறு. அவர்கள் மொத்தத் தொகை கேட்க முடியாது. மாதாமாதம் பென்ஷன் உண்டு. முழு ஊனமானால் சராசரி தினக் கூலியில் 90 சதவீதம் ஆயுள் முழுவதும் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி பெயரைப் பதியாமல், சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தால் அது அவர் குற்றம். தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிப்பது கார்ப்பரேஷனின் வேலை.

“சிறு முதலாளி எங்கே போவான்?”

இப்படியும் கண்ணீர் வடிக்கிறார்கள். மெஷினுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, லாரிக்கு இருக்கிறது, சரக்குக் கிடங்குக்கும் இருக்கிறது. அந்த மெஷினை ஓட்டும் கைக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் எடுக்கக் காசில்லையா?

சர்க்காரையும் நாம் விடுவதற்கில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகும் விருதுநகர் ஜில்லாவில் வெடிச்சத்தம் ஓயவில்லை. ஒவ்வொரு முறையும் மந்திரிகள் நிவாரண நிதி அறிவிக்கிறார்கள். கொடுக்கட்டும்; வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது மக்களின் வரிப்பணம். அதனால் முதலாளியின் கடன் ஒரு பைசாகூடக் குறையாது.

இன்னொரு அநியாயம்: எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் என்று 2020 ஜனவரியில் சர்க்கார் வரம்பு கட்டியது. முப்பதாயிரம் வாங்குகிறவரின் உயிருக்கும் பாதிக் கணக்குத்தான்!

1923-ம் வருஷத்துச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் அமலுக்கு வந்திருக்கின்றன. மேலே சொன்ன உரிமைகள் பெரும்பாலும் அதில் நிற்கின்றன. வேலைக்கு வந்து போகும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஆனால் வேறொரு கை என்ன செய்தது? மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே பாக்டரி என்றிருந்ததை 20 ஆக்கியது. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20-ஐ 40 ஆக்கியது. இன்ஸ்பெக்டருக்கு “வசதி செய்து தருபவர்” என்ற பட்டமும் சூட்டியது. யாருக்கு வசதி? அடிபட்ட பின் நஷ்ட ஈடு. அடிபடாமல் காக்கும் வேலி மட்டும் பாதிப் பட்டறைகளுக்குத் தேவையில்லை! இது எந்த ஊர் நியாயம்?

என்ன செய்ய வேண்டும்?

விபத்து நடந்த அன்றே போலீஸில் புகாரைப் பதிவு செய்ய வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் “வேலையின்போது அடிபட்டது” என்று எழுத வைக்க வேண்டும். “வீட்டில் வழுக்கி விழுந்தான்” என்று எழுதச் சொல்லி மானேஜர் நிற்பார், விடக்கூடாது. சம்பளச் சீட்டு, வருகை அட்டை, உடன் வேலை செய்தவர் சாட்சி ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும். முதலாளிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியே அதிகாரி முன் ஆஜராகலாம். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் குடும்பம் தனியாக நிற்கக்கூடாது. மானேஜர் தாளை நீட்டும்போது பக்கத்தில் சங்கத் தோழர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான்:

“உங்கள் கருணை உங்களோடு இருக்கட்டும், ஐயா, எங்கள் கடனைக் கொடுங்கள்!”