புதுசு மாட்டினால் சரியாகிவிடுமா?

"பழசைக் கழற்று, புதுசை மாட்டு" - ராயபுரம் லேத் பட்டறையிலிருந்து மணலி ஆலை வரை நம்ம ஆட்களின் வேதமே இதுதான். ஆனால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் நிறை நிறமாலைமானியிடம் இந்த வேதம் செல்லாது என்பது என் கருத்து.

ஃபிலமென்ட் புதுசு, ஜி.சி. குழாய் புதுசு, எலக்ட்ரான் மல்டிப்ளையர் புதுசு. இருந்தும் நேற்று வந்த சிகரத்தில் பாதிதான் இன்று வருகிறது. உடனே இன்னொரு பாகத்துக்கு ஆர்டர் போடுகிறோம்! கழற்றி மாட்டும்போது எதைக் கலைத்தோம் என்று யாராவது யோசிக்கிறோமா?

கருவியைத் திறந்தாலே வெற்றிடம் போச்சு. காற்றும் ஈரமும் உள்ளே வந்தாச்சு. ஆகவே முதலில் 18, 28, 32 ஆகிய நிறைகளைப் பாருங்கள். 18 மட்டும் உயர்ந்திருந்தால் ஈரம்; பம்ப் ஓட ஓடக் குறையும். 28-ம் 32-ம் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று என நின்றால் காற்றுக் கசிவு. குழாய் மாட்டிய நட்டைப் பாருங்கள். புது ஃபெரூல் சூடேறி ஆறினால் தளர்வதுண்டு.

கசிவு இல்லையா? பி.எஃப்.டி.பி.ஏ. திரவத்தால் ட்யூன் செய்யுங்கள். அதன் ஆவி ஜி.சி. வழியே வராமல் நேரே அயனி மூலத்துக்குப் போகிறது. 69, 219, 502 மூன்றும் ஒழுங்காக வந்தும் சாம்பிள் மட்டும் குறைந்தால், கோளாறு இன்ஜெக்டர், லைனர், குழாய் பக்கம். ட்யூனே மோசமென்றால் அயனி மூலம், ஃபிலமென்ட் பொருத்தம், மல்டிப்ளையர் வோல்டேஜ் பக்கம். ஒரே சோதனையில் பாதி தேடல் மிச்சம்!

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அதையும் நோட்டில் எழுத வேண்டும். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் குற்றவாளி எது என்று அப்புறம் எப்படிச் சொல்வது?

இதெல்லாம் நமக்கெதுக்கு என்கிறீர்களா? 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் நம் கரையில் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்தன. எந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கைரேகை போலப் பிரித்துக் காட்ட இந்தக் கருவி வேண்டும். கூர்மை மழுங்கிய கருவி "இல்லை" என்று காட்டினால், அந்தத் தாளே மீனவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்!

"படம் வரைந்து பாகம் குறி" என்று கேட்பது போதும். "கோளாறைக் கண்டுபிடி" என்றும் செய்முறைத் தேர்வில் கேட்கட்டும். கேட்கச் சொல்வோம், வாருங்கள்!