சர்வர் அமைப்பும் ஆய்வுமுறையின் பகுதியே

அமேசான் 2006இல் ஈசி2 சேவையைத் தொடங்கியபின், புதிய சர்வர் ஒன்றை இணையச் சேவை வழியே சில நிமிடங்களில் பெற முடிகிறது. அது முதன்முறை இயங்கும்போதே, கிளவுட்-இனிட் என்னும் நிரல் ஓர் அமைவுக் கோப்பைப் படித்துப் பயனர் கணக்குகளையும் மென்பொருள்களையும் தானே நிறுவிவிடும்.

ஆயினும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் பலவற்றில் இப்பணி இன்றும் ஓர் ஆய்வு மாணவரின் நினைவிலேயே தங்கியுள்ளது. அவர் பட்டம் பெற்று வெளியேறியதும், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் கணக்கீடு நிகழ்ந்தது என்பதை எவராலும் சொல்ல முடிவதில்லை. முடிவுகளை மறுபரிசோதனை செய்யவும் வழியில்லை.

தானியக்கம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதனினும் மேலாக, செய்ததை எழுத்தில் நிறுத்துகிறது. எனவே, பதிப்பு எண்கள் குறிக்கப்பட்ட அமைவுக் கோப்பை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்ப்பதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும். கடவுச்சொற்கள் மட்டும் அதில் இடம்பெறலாகாது.