ஒரு கோலும் ஒரு மைதானமும்

2018 அக்டோபர் 1-ந் தேதி மலேசியாவில், 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியின் கால் இறுதியில், நம் பிள்ளைகள் தென்கொரியாவிடம் 1–0 என்று தோற்றார்கள். வென்றிருந்தால் 2019 உலகக் கோப்பைக்குத் தகுதி. அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காதவர்கள் அவர்கள்! அவர்களைக் குறை சொல்ல மாட்டோம்.

நாம் கேட்பது வேறு. இத்தனை கோடி மக்களில் எத்தனை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு எட்டுகிறது? பழவேற்காட்டுக் குப்பத்தில் விடியுமுன் தகப்பனோடு வலை இழுக்கும் சிறுவன், மாலையில் மணலில் வெறுங்காலோடு பந்து உதைக்கிறான். அவன் காலில் வலுவில்லையா? அவனைத் தேடி வருவது யார்?

அந்த ஏரி மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடம் ஒருவருக்கே சொந்தமல்ல. முறை வைத்து மாறி வரும். அதிலும் சேர்க்கப்படாத மக்கள் உண்டு. அது களைய வேண்டிய குறை. ஆனால் முறை வைக்கும் நியாயம் சரியானது. விளையாட்டுக்கும் அதுவே வேண்டும்.

ஊருக்கொரு மைதானம், பள்ளிதோறும் பந்தும் பயிற்சியாளரும் கேட்பது பிச்சையல்ல, உரிமை. மில் தோழர்களே, விவசாயத் தோழர்களே! கூலி உயர்வோடு பிள்ளைகளின் மைதானத்தையும் கோரிக்கையில் சேருங்கள்!