நாடி பிடிக்காமல் நோய் சொல்லலாமா?

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜை வரலாற்றுப் பாடத்தில் சந்தித்திருப்பீர்கள். அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்தாரே, அவர்தான். 1788-இல் அவருக்குத் திடீரெனச் சித்தம் கலங்கிற்று. வயிற்று வலி, கை கால் தளர்ச்சி, தூக்கமின்மை. மணிக்கணக்கில் ஓயாத பேச்சு. 1789-இல் தெளிந்தார். ஆனால் நோய் மறுபடியும் வந்தது. 1811-இலிருந்து அவருக்குப் பதிலாக மகன் ஆள வேண்டியதாயிற்று. 1820-இல், பார்வையும் இழந்து, 81-ஆம் வயதில் ஜார்ஜ் இறந்தார்.

அது என்ன நோய்? 1966-இல் ஐடா மெக்கால்பின், ரிச்சர்ட் ஹண்டர் என்னும் இரு மனநோய் மருத்துவர்கள் (இவர்கள் தாயும் மகனும்!) அரண்மனை வைத்தியர்களின் குறிப்புகளைப் படித்துவிட்டு, அது ‘போர்பிரியா’ என்றனர். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீம் என்னும் பொருள். உடல் அதைப் படிப்படியாகத் தயாரிக்கிறது. ஒரு படியில் வேலை செய்யும் என்சைம் குறைந்தால், முந்தைய படியின் பொருள்கள் தேங்கிவிடும். நரம்புகள் பாதிக்கப்படும், சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறும். மன்னரின் சிறுநீர் நிறம் மாறியதாகக் குறிப்புகளில் இருந்தது. பொருத்தம் பிரமாதம் அல்லவா? புத்தகங்கள் எல்லாம் இதை ஏற்றுக்கொண்டன.

2005-இல் மன்னரின் தலைமயிரைச் சோதித்தபோது ஏராளமான ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. அவருக்குக் கொடுத்த ஆன்டிமனி மருந்தில் அது கலந்திருக்கலாம், அதுவே போர்பிரியாவைத் தூண்டியிருக்கலாம் என்றனர். எத்தனை ‘லாம்’கள், பாருங்கள்! மயிரில் ஆர்சனிக் இருந்தால், உடலில் ஆர்சனிக் சேர்ந்தது என்றுதான் பொருள். போர்பிரியா இருந்தது என்பதற்கு அது சான்றாகாது.

2010-இல் வேறு ஆய்வாளர்கள் அதே குறிப்புகளை முழுவதும் படித்தனர். நிறம் மாறிய சில நாள்களை மட்டும் முன்னவர்கள் பொறுக்கி எடுத்திருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். அந்த நிறமும் ஜென்ஷன் என்னும் கசப்பு மூலிகை மருந்தால் வந்திருக்கக்கூடுமாம். மன்னருக்கு வந்தது மனநோயே என்பது இவர்கள் முடிவு. எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

இறந்தவரின் நோயைக் கண்டறியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ருஷ்ய இளவரசர் அலெக்ஸியைப் பாருங்கள். இரத்தம் உறையாத நோய் அவருக்கு இருந்தது. 1918-இல் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 2007-இல் கிடைத்த அவருடைய எலும்புகளில் டி.என்.ஏ.யைச் சோதித்து, இரத்த உறைவுக்கான ஒன்பதாம் காரணியின் ஜீனில் இருந்த பிழையை 2009-இல் கண்டுபிடித்தார்கள். தாயாரின் எலும்பிலும் அதே பிழை! ஹீமோபீலியா ‘பி’ என்று ஐயமின்றித் தெரிந்தது. ஜார்ஜ் விஷயத்தில் அத்தகைய சான்று எதுவும் இல்லை.

பிறகு ஏன் போர்பிரியாக் கதை இத்தனை காலம் நிலைத்தது? “நல்ல வேளை, மன்னருக்குப் பைத்தியமில்லை, உடல் நோய்தான்” என்று சொல்லிக்கொள்ள அது வழி செய்தது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மனநோய் என்றால் குடும்பத்துக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம் தெருவிலும் உண்டல்லவா? நீரிழிவை எவரும் அப்படி மறைப்பதில்லை. ஜார்ஜைப் போன்ற ஒருவர் இன்று மருத்துவமனைக்கு வந்தால் லித்தியம் மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முயல்வார்கள். 1788-இல் அந்த மன்னருக்குக் கிடைத்ததோ, கைகளை உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டும் சட்டை.