எண்கள் பின்னோக்கி ஓடலாகாது

பயன்படுத்திய கார் ஒன்றை வாங்கச் செல்லும்போது நாம் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். அது 35,000 கிலோமீட்டர் காட்டினால் ஒரு விலை. 95,000 காட்டினால் வேறு விலை. விற்பவர் கேட்கும் தொகை, மதிப்பீட்டாளரின் அறிக்கை, வங்கி வழங்கும் கடன் ஆகிய அனைத்திலும் அந்த எண்ணுக்குப் பங்குண்டு.

அவ்வெண்ணை எளிதில் மாற்றிவிட முடியும் என்பதே கவலைக்குரியது. முன்னாளில் கியர்பாக்ஸிலிருந்து வந்த கேபிள், பற்சக்கரங்களின் வழியே எண் உருளைகளை நகர்த்தியது. இன்று சென்சாரின் துடிப்புகளைக் கணக்கிட்டு, மின்னணு நினைவகம் தூரத்தைச் சேமிக்கிறது. பல வாகனங்களில், உரிய கருவியை இணைத்தால் சில நிமிடங்களில் பல்லாண்டு ஓட்டத்தை மறைத்துவிடலாம்.

ஏமாறுபவரின் இழப்பு கூடுதல் விலையோடு முடிவதில்லை. கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் என எதிர்பாராத செலவுகள் அடுத்தடுத்து வரும். கார் பட்டறையில் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை.

ஆகவே ஓடோமீட்டரை மட்டும் நம்பாமல், சர்வீஸ் பதிவுகளைக் கேட்டுப் பெறுவோம். ஒவ்வொரு சர்வீஸின்போதும் குறித்த தூரம் படிப்படியாக உயர்ந்திருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்ப்போம். ‘2321’ என்றிருந்தால் அது 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. 2018ஆம் ஆண்டுக் காரில் அத்தகைய டயர் இருந்து, ஓடோமீட்டர் 20,000 மட்டுமே காட்டினால், காரணம் கேட்பது நம் கடமை. தேய்ந்த பெடல்களும் ஸ்டீயரிங்கும் உண்மையைச் சொல்லக்கூடும்.

தனிமனிதரின் எச்சரிக்கை மட்டும் போதாது. 2022 டிசம்பரில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், பழைய வாகன விற்பனையாளர்கள் அங்கீகாரம் பெறவும், தம்மிடமுள்ள வாகனங்களின் பயண விவரங்களை மின்னணுப் பதிவேட்டில் குறிக்கவும் வகைசெய்கின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் வாகனம் அவர்களிடம் வருவதற்கு முன் ஓடிய தூரத்திற்கு அப்பதிவேடு சான்றாகாது.

காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதும் புகைப் பரிசோதனையின்போதும் ஓடிய தூரம் ‘வாகன்’ தரவுத்தளத்தில் கட்டாயமாகப் பதிவாக வேண்டும். வாங்குபவர் அதைக் காண வழியிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஆண்டுதோறும் எழுதப்படும் கணக்கைப் பின்னாளில் ஒருவர் திருத்துவது கடினம். காரை முறையாகப் பேணி, உண்மையைச் சொல்லி விற்பவருக்கும் அப்போதுதான் உரிய விலை கிடைக்கும்.