பாஸ் அவுட் ஆனா மயக்கமா?

நெய்வேலி டவுன்ஷிப் பசங்க இன்டர்வியூவுல '2019ல பாஸ் அவுட்'னு சொல்லிட்டா போச்சு, 'மயங்கி விழுந்துட்டியாப்பா?'ன்னு ஒரு நக்கல். கேக்குற மேதாவிகளே, பயிற்சி முடிச்சு வெளிய வர்றதுக்கு பிரிட்டிஷ் ராணுவத்துலயும் அதே 'பாஸ் அவுட்'தான். நம்ம பரங்கிமலை ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமியில நடக்கறதும் பாஸிங் அவுட் பரேடுதான். அங்க யாரும் தண்ணி தெளிச்சு எழுப்பறதில்லை :-) நாம அதைக் காலேஜுக்கும் நீட்டிக்கிட்டோம், அவ்ளோதான்.

'கோப் அப் வித்' கதை வேற. 'கீப் அப் வித்'தைப் பார்த்து ஒட்டிக்கிட்ட 'அப்' போல. பரீட்சையில எழுதாதீங்க, மார்க் போகும். ஆனா 'போய்த் தொலை', 'வந்து சேர்'னு வினையோட வினையை ஒட்டியே பேசுற நம்மாளு ஒரு 'அப்' கூடப் போட்டுட்டான்னு வேலையே இல்லைன்னு அனுப்பறது எந்த ஊர் நியாயம்? சுரங்கத்துல பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரைப் பார்த்துக்கப் போறவனுக்கு மெஷின் தெரியுமான்னு கேளுங்கய்யா முதல்ல!